போர்தோவில் காணாமல் போன ஆறு நாட்கள்

பிரான்சில் போர்தோ என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. கடற்கரையில் இல்லை, கரோன் என்கிற ஆற்றின் கரையில். கடலிலிருந்து வரும் கப்பல் ஆற்றின் வாயில் நின்று, கடல் ஓதம் பொங்கி ஆற்றுக்குள் ஏறும்வரை காத்திருந்து, அந்தத் தண்ணீரோடு மேலே ஏறி ஊருக்குள் வரும். ஊர் இருக்கும் இடத்தில் ஆறு பிறை நிலா மாதிரி வளைகிறது. இதெல்லாம் அமலாவுக்கு அத்துப்படி. அவள் போர்தோவைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்காதீர்கள். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டையே அவள் பார்த்ததில்லை. விழுப்புரத்தில் ஏறி திண்டிவனத்தில் இறங்குவதும், திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதுமாகப் பதின்மூன்று வருடம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட பொம்பளைக்குப் பிரெஞ்சுக்காரன் ஊரின் முந்நூறு வருடத்து வரத்தும் போக்கும் தெரியும் என்றால் யார் நம்புவார்கள்? அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற கம்பெனியே நம்பவில்லை. அந்த எரிச்சல்தான் இந்தக் கதை.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில், பதினெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பார்கள். திரையின் மேல்பாதியில் போர்தோ துறைமுகத்தின் பழைய பதிவேட்டுப் பக்கம் படமாக வரும். எந்தக் கப்பல், எந்தத் தேதி, எங்கிருந்து, என்ன சரக்கு என்று எவனோ ஒரு குமாஸ்தா இறகுப் பேனாவால் கிறுக்கி வைத்தது. கீழ்பாதியில் கட்டங்கள். கிறுக்கலைப் படித்துக் கட்டத்தில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அமலா சேர்ந்தபோது அவளிடம் இருந்தவை டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட்டும், புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த மூன்று வருடத்துப் பிரெஞ்சும்தான். அவள் அம்மா சவுரியம்மாள் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி அவளைப் படிக்க வைத்தவள். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து செய்யற வேலைடி, உட்டுடாத" என்று அன்றைக்கு அவள் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அமலாவும் விடவில்லை.

அங்கே சட்டம் இரண்டுதான். ஒன்று, பார்த்ததை அடி, அர்த்தம் தேடாதே. இரண்டு, ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். யார் யாரோடு ஜோடி என்று யாருக்கும் தெரியாது. பிறகு 'கம்பேர்' என்கிற சாஃப்ட்வேர் இரண்டையும் ஒத்துப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை. வேறாக இருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மேலே போய், எது தப்பு என்று தீர்த்து, தப்பு செய்தவளுக்கு மார்க் குறைப்பார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொன்னதை இவர்கள் கம்ப்யூட்டருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அர்த்தம் தேடாதே என்றால்? மனுஷிக்கு மண்டை என்று ஒன்று இருக்கிறதே! தினமும் எட்டு மணி நேரம் ஓர் ஊரின் சரக்கை எண்ணிக்கொண்டிருந்தால் அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்று தெரியாமல் போகுமா? ஒயினும் பிராந்தியும் மாவும் போகும். சேன் தொமாங் என்கிற தீவிலிருந்து சர்க்கரையும் காப்பியும் அவுரியும் வரும். மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக வரும். அந்தச் சர்க்கரையில்தான் ஆற்றங்கரை நெடுக மாளிகை கட்டினார்கள். நம் புதுச்சேரிப் பக்கத்து நீலத் துணியைக்கூட அவள் அந்தப் பட்டியலில் பார்த்திருக்கிறாள். அந்தத் துணி போன கப்பல்களில் சில, நேராகத் தீவுக்குப் போகாமல் ஆப்பிரிக்கக் கரைக்குப் போயின. திரும்பி வரும்போது சர்க்கரை. போகும்போது துணி, வரும்போது சர்க்கரை, நடுவில் என்ன ஆயிற்று? இரண்டு வருடம் இந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. மேனேஜர் நடராசனிடம் கேட்டாள்.

"அது நம்ம காலம் இல்லம்மா. அடுத்த பக்கத்துக்குப் போ" என்றார். காலம் என்றால் அவருக்கு இங்கிலீஷ் 'காலம்', திரையில் இருக்கிற கட்டம்.

பிறகு போனில் தேடித் தெரிந்துகொண்டாள். நடுவில் மனிதர்கள். ஆப்பிரிக்காவில் துணிக்கு மாற்றாக வாங்கி, தீவில் கரும்பு வெட்ட விற்கப்பட்ட மனிதர்கள். அன்றைக்கு அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. அவள் புருஷன் சகாயராஜ் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறவன். கரும்பு வெட்டுகிற ஆட்களின் கையை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். 1791-ல் அந்தத் தீவில் அடிமைகள் எழுந்தார்கள். அதற்கப்புறம் பதிவேட்டில் சர்க்கரை மளமளவென்று குறைந்தது. அப்புறம் சண்டை. ஆங்கிலேயன் கடலை அடைத்தான். கப்பல் நின்ற துறையில் விறகுப் படகும் ஒயின் படகும்தான் மிச்சம். நடுவில் ஒரு வருடம் சமாதானம் வந்தது, கப்பல்கள் மறுபடி திமுதிமுவென்று வந்தன. இனிமேல் சொல்லப்போகிற பதிவேட்டுக் கட்டில் வந்த அந்தச் சமாதானப் பக்கங்களை அடிக்கும்போது அவள் விரல் தன்னால் வேகமாக ஓடியது என்று சொல்வாள். கட்டுகள் வருட வரிசையில் வருவதில்லை. ஒரு மாதம் 1740, மறு மாதம் 1865. அந்த 1865-ல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக, அம்மா பிடுங்கின அதே மல்லாட்டை வந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறாள்.

சனியன் வந்தது போன வருடம் ஆடியில். புதுக் கட்டு ஒன்று வந்தது. அதில் தேதியே வேறு மாதிரி. புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் பழைய மாதங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பெயர் வைத்தார்கள். வருடமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாகத் தொடங்கியது. பதினாலாம் வருடம் வரை அந்தக் கணக்கு ஓடியது. கம்பெனியின் கட்டமோ சாதாரண ஆங்கிலத் தேதியைத் தவிர வேறு எதையும் ஏற்காது. அடித்தால் கீ கீ என்று கத்தும்.

பிரான்சுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம்! நடராசன் நேராக அமலாவிடம் வந்து நின்றார்.

"நீதான் இதுல பழுத்த ஆளு. ஒரு சார்ட்டு போட்டுக் குடும்மா. ஜல்தி. கட்டு நாளைக்கே ஆரம்பிக்கணும்."

பதின்மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அவளுடைய மண்டையைக் கேட்டிருக்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டைப் புரட்டினாள். முதல் மாதத்தின் பக்கவாட்டில், முதல் தேதிக்கு நேராகப் பழைய தேதியையும் எவனோ எழுதி வைத்திருந்தான். எண்ணின் மேல் மைக்கறை, செப்டம்பர் என்பது மட்டும் தெரிந்தது. செப்டம்பரில் தொடங்குகிற மாதம் எது? அவள் கண் நேராகச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டருக்குப் போனது. புரட்டாசி! அடுத்தது ஐப்பசி. நாலாவது மாதத்தின் பெயர் நிவோஸ். அதற்குப் பனி மாதம் என்று அர்த்தம் போட்டிருந்தது ஆபீஸ் அகராதி. நாலாவது மாதம் மார்கழி. மார்கழியில் பனி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? சந்தேகமே இல்லாமல், பன்னிரண்டு பிரெஞ்சு மாதங்களுக்கும் நம் பன்னிரண்டு மாதங்களை நேர் நேராக வைத்து, காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதி போட்டு, சார்ட் முடித்துவிட்டாள்.

லாக்கரில் வைத்த போனைச் சாயங்காலம் எடுத்து ஒரு தடவை தேடியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. தேடவில்லை. இதற்கெல்லாம் என்ன கூகுள், நமக்குத்தான் தெரியுமே என்கிற மிதப்பு. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

பதினெட்டு மேசையிலும் அந்த சார்ட்டை ஒட்டினார்கள். 'காலண்டர் அமலா' என்று பெயரே வந்துவிட்டது. எல்லாரும் ஒரே சார்ட்டைப் பார்த்து அடித்ததால் தேதிக் கட்டத்தில் ஒரு சிவப்பு விழவில்லை. பத்து மாதம், முப்பத்தெட்டாயிரம் வரி, எல்லாம் பச்சை. அடுத்த சூப்பர்வைசர் அமலாதான் என்று நடராசன் வாயாலேயே சொன்னார். காண்ட்ராக்ட் போய் நிரந்தரம் ஆகும், பி.எஃப். பிடிப்பார்கள், கண்ணாடித் தடுப்புக்குள் தனி நாற்காலி. பதின்மூன்று வருடமாக அவள் ஏங்கிய நாற்காலி.

இந்த மே மாதம் கட்டின் கடைசிப் பக்கங்கள் அவளிடம் வந்தன. பதினாலாம் வருடம், நிவோஸ் பத்து. சார்ட்படி மார்கழி பத்து, அதாவது டிசம்பர் இருபத்தைந்து. அடுத்த பக்கத்தில் புது மாதங்கள் ஒழிந்து பழையபடி ஜனவரி ஒன்று, 1806 என்று தொடங்கியது. நடுவில் ஆறு நாளைக்கு ஒரு படகுகூட இல்லை. கிறிஸ்துமஸ் லீவு விட்டிருப்பான் என்று நினைத்தாள். அவளும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவள்தானே, அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் ஜனவரி ஒன்றின் மூன்றாவது வரியைப் படித்தாள். ஓர் ஒயின் படகு. 'நேற்று மாலை வந்து சேர்ந்தது, இன்று சரக்கு இறக்கியது' என்று எழுதியிருந்தது. முந்தின பக்கத்தைத் திருப்பினாள். அதே படகு, அதே படகோட்டி, நிவோஸ் பத்தில் வந்து நிற்கிறது. நிவோஸ் பத்துதான் நேற்று. அப்படியானால் அது டிசம்பர் முப்பத்தொன்று.

மத்தியானம் லாக்கரைத் திறந்து போனில் தேடினாள். ஒரு நொடியில் வந்து விழுந்தது அட்டவணை. முதல் மாதம் செப்டம்பர் இருபத்திரண்டு வாக்கில் தொடங்குகிறது, புரட்டாசியோடு அல்ல. ஆவணிக்கு ஒரு நாள் பிசகு, ஆடிக்கு இரண்டு, பங்குனிக்கு ஆறு. முப்பத்தெட்டாயிரம் வரியும் அநேகமாகத் தப்பு. கையைக் கழுவிவிட்டு நேராக நடராசனிடம் போனாள்.

அவர் முழுக்கக் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கம்பேர்ல இன்னா வந்துச்சி?"

"பச்சைதான் சார். எல்லாரும் என் தப்பையே அடிச்சா பச்சை வராம இன்னா வரும்?"

"ரெண்டு பேரு ஒண்ணா அடிச்சா அதான் ரைட்டு. அதான் அக்ரிமெண்டு. வர்ற வெள்ளிக்கிழம டெலிவரி குளோஸ். அதோட பிரெஞ்சுக்காரன் டேட்டாவப் பூட்டிடுவான். அப்புறம் யாரும் தொட முடியாது. நீ கம்முனு இரு."

"பூட்டிட்டா தப்பு தப்பாவே நின்னுடும் சார்."

"நிக்கட்டுமே! வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்காதம்மா. சூப்பர்வைசர் ஆர்டரு டைப் ஆய்க்கினு இருக்குது."

வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அமலா சும்மா இருந்தாளா? கட்டில் நடுநடுவே விட்டுப்போயிருந்த புது மாதப் பக்கங்கள் மிச்சம் இருந்தன, அவற்றில் சரியான தேதியை அடித்தாள். திரை முழுக்கச் சிவப்பு. ஜோடியாக அடித்த எவளோ சார்ட்டைப் பார்த்து ஒழுங்காகத் தப்பாக அடித்திருந்தாள். மேலே தீர்ப்பு சொல்கிற ஆளும் அதே சார்ட்டைத்தான் பார்த்தான். இரண்டே நாளில் பதின்மூன்று வருடத்து மார்க் சரசரவென்று இறங்கியது. சரியாக அடித்ததற்குத் தண்டனை! மேசையில் ஓங்கிக் குத்தலாம் போல இருந்தது அவளுக்கு. யார் மேல் கோபப்படுவது? சார்ட் போட்ட கை இவளுடையது.

வீட்டில் சகாயராஜிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டான்.

"இருநூறு வருசத்துக்கு முன்னாடி எவனோ படகுல வந்தான். செவ்வாக்கெழம வந்தா இன்னா, திங்கக்கெழம வந்தா இன்னா? இதுக்குப் போயி கைக்கு வந்த வேலைய உடுவியா?"

"உங்க எடமேடையில வண்டிக்கு ஆறு டன்னு கொறச்சி எழுதனா கம்முனு இருப்பீங்களா?"

"அது எப்டி இருக்க முடியும்? கரும்பு போட்டவன் வந்து சட்டையப் புடிப்பான். இவனுங்க செத்துப்போனவனுங்க. யாரு வந்து கேக்கப் போறான்?"

"யாரும் வந்து கேக்க மாட்டாங்கன்னுதான் எனக்கு பேஜாரா இருக்குது" என்றாள் அமலா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. போர்தோவிலிருந்து அந்த வேலைக்குப் பொறுப்பான அம்மாள் வீடியோவில் வந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் கண்ணாடி. பதினெட்டுப் பெண்களும் சுவரோரம் நின்றார்கள். மேசையில் மைசூர்பாகு டப்பா. நடராசன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். தேதிக் கட்டத்தில் நூற்றுக்கு நூறு, அதற்குக் காரணம் இந்த அமலா, இவர்தான் புது சூப்பர்வைசர். அந்த அம்மாள் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

அமலா முன்னால் வந்து பிரெஞ்சில் ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கொடுமை தெரிந்தது. பதின்மூன்று வருடம் விரலால் பேசிய மொழி வாயில் வரவில்லை. லட்சம் தடவை அடித்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடப் பள்ளியை விட்ட பிறகு அவள் காதால் கேட்டதில்லை. அவள் சொன்னது அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்துத் தலையை ஆட்டினார். நடராசன் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும்மா, தேங்க்ஸ் சொல்லிட்டு உக்காரு" என்றார்.

அமலா உட்காரவில்லை. பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவினாள். பெரிய எழுத்தில், நிவோஸ் பத்து என்று எழுதி, பக்கத்தில் டிசம்பர் 31 என்று எழுதினாள். அதன் கீழே, எங்கள் தேதி டிசம்பர் 25, எல்லாத் தேதியும் தப்பு, தப்பு என்னுடையது என்று பிரெஞ்சில் எழுதி, கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். எழுத்தில் ஒரு பிழை இல்லை.

அந்த அம்மாள் கழுத்திலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினார். படித்தார். சிரிப்பு போய்விட்டது. எத்தனை வரி என்று கேட்டார். அமலா எண்ணை எழுதிக் காட்டினாள். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல், திரையை அணைத்துவிட்டார். மைசூர்பாகு டப்பாவை நடராசன் அப்படியே எடுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குள் போனார்.

திங்கட்கிழமை மெயில் வந்தது. பூட்டவில்லை. மூன்று மாதத்துக்குள் எல்லாத் தேதியையும் திருத்தித் தர வேண்டும். தேதியை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. நடுநடுவே பழைய கணக்கிலேயே எழுதிய வரிகளும் கலந்து கிடந்தன. எது எந்தக் கணக்கு என்று பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். சனிக்கிழமை தோறும் எல்லாரும் வர வேண்டும், அதற்குச் சம்பளம் கிடையாது என்று நடராசன் நோட்டீஸ் ஒட்டினார். சூப்பர்வைசர் நாற்காலி சங்கவிக்குப் போனது. அவள் வந்து நாலு வருடம்தான் ஆகிறது. "இன்னா பண்றது அக்கா, குடுக்கறாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவளைச் சொல்லி என்ன.

மற்றவர்கள் அப்படி விடவில்லை. லாக்கர் அறையில் இவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். "நல்லவ வேஷம் கட்ட எங்க சனிக்கெழமதான் கெடச்சிதா" என்று ஒருத்தி இவள் காதில் விழும்படியே கேட்டாள். சார்ட் போட்டவள் என்ன பதில் சொல்வாள்? நிஜத்தைச் சொன்னதற்கு ஒரு ஜென்மமாவது சபாஷ் போட்டிருக்கலாம். போடவில்லை.

முதல் சனிக்கிழமை பாதிப் பேர்தான் வந்தார்கள். அவசரத்தில் ஜோடியையும் பெயர் போட்டே எழுதி ஒட்டியிருந்தார்கள். அமலாவோடு புனிதா. அனந்தபுரம் பக்கம் சொந்த நிலம் இருக்கிற குடும்பம் அவளுடையது. பஸ் கிடைக்காமல் ஒன்பதரைக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள்.

"கொல்லையில மல்லாட்ட புடுங்க ஆளு எறங்கியிருக்குது. பாக்க நாதியில்ல. ஆள உட்டுட்டு இங்க வந்துக்கினு இருக்கேன். யாரால? சொல்லுக்கா, யாரால?"

"என்னாலதான்" என்றாள் அமலா. "தப்பு என்னுது. நீ ஏன் அவஸ்தப்படணும்? நீ கெளம்பு புனிதா. உன் பேருல இருக்கறதையும் நானே அடிச்சிடறேன். ரெண்டு பங்கும் நானே முடிக்கிறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

புனிதா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படிவரைக்கும் போனாள். அங்கே நின்றாள். திரும்பி வந்தாள்.

"ரெண்டையும் நீயே அடிச்சா ரெண்டும் ஒண்ணாதான இருக்கும்? நீ தப்பா அடிச்சா எவளுக்கு எப்பிடித் தெரியும்?"

பையை மேசைக்கடியில் எறிந்தாள். நாற்காலியை இழுத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து அடிக்கத் தொடங்கினாள்.